அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள் வேலையில் சேர்கிறீர்களா? இன்வாய்ஸ் முதல் வசூல் வரை ஒரு வழிகாட்டி

அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள், அதாவது கடனுக்கு விற்றதற்கு வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பணத்தைக் கவனிக்கும் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களில் பலர் ஒரு பயத்தோடுதான் வருகிறார்கள். நாள் முழுக்க யாருக்காவது போன் போட்டுப் பணம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமோ என்ற பயம். போன் போடுவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கெடு தாண்டி நிற்கும் பில்களைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், வாடிக்கையாளரிடம் பணம் இல்லாததால் நிற்பவை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். பில்லில் பி.ஓ. எண் (வாடிக்கையாளர் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரின் எண்) விடுபட்டிருக்கும். ஒப்புக்கொண்ட விலை ஒன்று, போட்ட விலை வேறொன்றாக இருக்கும். பில் போய்ச் சேர வேண்டிய ஆளுக்குப் போயே இருக்காது. அல்லது அவர் கட்டிய பணத்தை நாமே தவறான பில்லில் வரவு வைத்திருப்போம். பணம் வரவிடாமல் தடுக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவதுதான் இந்த வேலையின் பெரும்பங்கு. அதில் முக்கால்வாசி, போனை எடுப்பதற்கு முன்பே நடக்க வேண்டியது.

கணக்கில் என்ன நடக்கிறது

கடனுக்கு விற்றதும் வாடிக்கையாளர் கணக்கில் டெபிட், விற்பனைக் கணக்கில் கிரெடிட். பணம் வந்ததும் வங்கிக் கணக்கில் டெபிட், வாடிக்கையாளர் கணக்கில் கிரெடிட். பில்லில் விற்பனை வரி இருந்தால் அந்தத் தொகை விற்பனையில் சேராது, அரசுக்குச் செலுத்த வேண்டியதாகத் தனிக் கணக்கில் நிற்கும். கிரெடிட் நோட், அதாவது போட்ட பில்லில் ஒரு தொகையைக் குறைத்துக் கொடுக்கும் ஆவணம், போட்டால் விற்பனையும் வரியும் குறையும், வாடிக்கையாளர் பாக்கியும் குறையும். இவ்வளவும் யோசிக்காமல் வரும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கணக்கு இருக்கும் இடம் சப்-லெட்ஜர். அவை எல்லாவற்றின் மொத்தமும் ஜெனரல் லெட்ஜரில் (நிறுவனத்தின் முதன்மைப் பேரேட்டில்) ஒரே கணக்காக, கன்ட்ரோல் அக்கவுண்டாக நிற்கும். இரண்டு மொத்தமும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், யாராவது சப்-லெட்ஜர் வழியாகப் போகாமல் ஜெனரல் லெட்ஜரில் நேராக என்ட்ரி போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

இந்த வேலையின் எடை தெரிய ஒரு கணக்கு: 5 சதவீத லாபத்தில் விற்கும் நிறுவனத்துக்கு 10,000 வராமல் போனால், அந்த இழப்பை ஈடுகட்ட 2,00,000-க்குப் புதிதாக விற்க வேண்டும். விற்பனைப் பிரிவில் இருப்பவர்களிடம் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உங்கள் ஃபாலோ-அப்புக்கு அவர்களும் கைகொடுப்பார்கள்.

முதல் படி: வாடிக்கையாளர் விவரத்தைச் சரியாக வாங்குங்கள்

புது வாடிக்கையாளரை சிஸ்டத்தில் சேர்ப்பதை யாரும் பெரிய வேலையாக நினைப்பதில்லை. பிறகு வரும் தலைவலிகள் பல அங்கேதான் தொடங்குகின்றன. சட்டப்படியான முழுப் பெயர், பில் போக வேண்டிய முகவரி, சரக்கு போக வேண்டிய முகவரி, வரிப் பதிவு எண் ஆகியவற்றை எழுத்துப் பிசகாமல் வாங்குங்கள். ஒரே குழுமத்தில் ஏறக்குறைய ஒரே பெயரில் மூன்று கம்பெனிகள் இருக்கலாம். பில்லை ஒன்றின் பெயரில் போட்டு பி.ஓ. இன்னொன்றின் பெயரில் இருந்தால் அந்த பில் அப்படியே கிடக்கும்.

அடுத்து, கேட்க மறந்துபோகும் கேள்விகள். பில்லை யாருக்கு அனுப்ப வேண்டும்? ஆர்டர் கொடுத்தவருக்கா, அக்கவுண்ட்ஸ் பேயபிள் (சப்ளையர்களுக்குப் பணம் கட்டும்) பிரிவின் பொது மெயிலுக்கா, இல்லை அரிபா, கூபா போன்ற போர்ட்டலில் நாமே ஏற்ற வேண்டுமா? பி.ஓ. எண் இல்லாமல் பில் ஏற்பார்களா? பேமென்ட் ரன், அதாவது பில்களுக்கு மொத்தமாகப் பணம் அனுப்பும் நாள், தினமும் உண்டா, வாரம் ஒருமுறையா, மாதம் இருமுறையா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கையில் இருந்தால் பிறகு பல போன் அழைப்புகள் மிச்சமாகும்.

பேமென்ட் டெர்ம்ஸை எழுத்தில் வாங்குங்கள். ‘நெட் 30’ என்றால் பில் தேதியிலிருந்து 30 நாள். ஆனால் சில வாடிக்கையாளர்கள் பில் தங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள், சிலர் மாதக் கடைசியிலிருந்து எண்ணுவார்கள். ‘2/10 நெட் 30’ என்று பார்த்தால், 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லாவிட்டால் 30 நாளில் முழுத் தொகை என்று பொருள். 20 நாள் முன்கூட்டிப் பணம் வருவதற்காக 2 சதவீதம் விட்டுக்கொடுப்பது, ஆண்டுக்கணக்கில் சுமார் 37 சதவீத வட்டிக்குச் சமம். அதனால் 14-ஆம் நாள் பணம் கட்டிவிட்டுத் தள்ளுபடியையும் பிடித்துக்கொண்டால், ‘சின்னத் தொகைதானே’ என்று விடாமல் மேலாளரிடம் கேளுங்கள்.

கிரெடிட் லிமிட்டை, அதாவது ஒருவருக்கு எவ்வளவு வரை கடனுக்கு விற்கலாம் என்பதை, முடிவு செய்வது பெரும்பாலும் உங்கள் பொறுப்பாக இருக்காது. ஆனாலும் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நிதி அறிக்கை, கிரெடிட் ரிப்போர்ட், மற்ற சப்ளையர்களின் அனுபவம், முன்பு நம்மிடம் எப்படிக் கட்டினார் என்ற வரலாறு ஆகியவைதான் வழக்கமாகப் பார்க்கப்படுபவை.

இன்வாய்ஸ்: எதிர்ப்பக்கத்து மேசையிலிருந்து பாருங்கள்

உங்கள் பில் வாடிக்கையாளரின் அலுவலகத்தில் என்ன பாடுபடுகிறது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அங்கே இருப்பவர் மூன்று காகிதங்களை ஒப்பிடுகிறார்: அவர்கள் கொடுத்த பி.ஓ., சரக்கு வந்ததற்கு ஸ்டோர்ஸ் போட்ட ரசீதான ஜி.ஆர்.என்., உங்கள் இன்வாய்ஸ். இதற்கு த்ரீ-வே மேட்ச் என்று பெயர். அளவும் பொருளும் மூன்றிலும், விலை பி.ஓ.விலும் இன்வாய்ஸிலும் ஒத்துப்போனால்தான் பில் அடுத்த கட்டத்துக்கு நகரும். பி.ஓ.வில் 100 பெட்டி, ஜி.ஆர்.என்.-இல் 96 பெட்டி, உங்கள் பில்லில் 100 பெட்டி என்றால் சிஸ்டமே அதை நிறுத்தி வைத்துவிடும். உங்களுக்கு யாரும் தகவல் சொல்லப் போவதில்லை. கெடு முடிந்து நீங்கள் கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

ஆகவே பில்லை அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். பி.ஓ. எண் இருக்கிறதா, அந்த பி.ஓ.வில் இன்னும் அளவு மிச்சம் இருக்கிறதா? வரிசை பி.ஓ.வில் உள்ளதுபோலவே இருக்கிறதா? அவர்கள் ‘ஒரு டஜன்’ என்று ஆர்டர் கொடுத்ததை நாம் ‘12 எண்ணிக்கை’ என்று போட்டிருக்கிறோமா? மனிதர்களுக்கு இரண்டும் ஒன்று, சிஸ்டத்துக்கு வேறு வேறு. கெடு தேதியை ‘நெட் 30’ என்று மட்டும் எழுதாமல் நாள், மாதம், ஆண்டாகவே போடுங்கள். நம் வங்கிக் கணக்கு விவரமும், பணம் கட்டும்போது குறிப்பிட வேண்டிய பில் எண்ணும் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

வேலை முடிந்த அன்றே பில் போடுங்கள். பில் தேதியிலிருந்துதான் 30 நாள் ஓடத் தொடங்கும். ஐந்து நாள் தாமதமாகப் பில் போட்டால் அந்த ஐந்து நாளை எந்தப் போன் அழைப்பாலும் திரும்பப் பெற முடியாது. பெரிய பில்லாக இருந்தால், அனுப்பிய ஒரு வாரத்தில் ஒரு சின்ன மெயில் போடுங்கள்: ‘4127 எண் இன்வாய்ஸ் கிடைத்ததா? உங்கள் சிஸ்டத்தில் பதிவாகிவிட்டதா? ஏதாவது விவரம் தேவைப்பட்டால் சொல்லுங்கள்.’ கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே கேட்பதால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பிரச்சினை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலே வசூலில் மாற்றம் தெரியும் என்று உறுதியாகச் சொல்வேன்.

வந்த பணத்தை எந்தப் பில்லில் வைப்பது?

இதற்குக் கேஷ் அப்ளிகேஷன் என்று பெயர். புதியவர்களுக்கு முதலில் கொடுக்கப்படும் வேலை பெரும்பாலும் இதுதான். சலிப்பான வேலை என்று தோன்றும். ஆனால் இதில் விட்ட பிழை வசூல் முழுவதையும் கெடுக்கும். எப்படி என்று ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ஒரு வாடிக்கையாளருக்கு நான்கு பில்கள் திறந்திருக்கின்றன. பழையதிலிருந்து வரிசையாக 62,500, 1,20,000, 85,000, 40,000. மொத்தம் 3,07,500. வங்கியில் 2,43,500 வந்திருக்கிறது, விளக்கம் எதுவும் இல்லை. நீங்கள் ‘பழையது முதலில்’ என்று வைக்கிறீர்கள். 62,500 மூடியது, 1,20,000 மூடியது, மிச்சம் 61,000-ஐ 85,000 பில்லில் வைத்தாயிற்று. பாக்கி 24,000-உம் 40,000-உம் சேர்ந்து 64,000.

வாடிக்கையாளர் உண்மையில் செய்தது வேறு. முதல் பில்லில் சரக்கு சேதம் என்று தகராறு இருப்பதால் 62,500-ஐ நிறுத்தி வைத்துவிட்டார். மற்ற மூன்றையும் சேர்த்தால் 2,45,000. அதில் 1,500 பிடித்துக்கொண்டு 2,43,500 கட்டியிருக்கிறார். அவர் கணக்கில் பாக்கி 62,500-உம் 1,500-உம் சேர்ந்து அதே 64,000. மொத்தம் ஒத்துப்போவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் தகராறு உள்ள பில் மறைந்துபோயிற்று. அடுத்த மாதம் நீங்கள் 40,000-க்குப் போன் போடுவீர்கள், அவர் ‘அதை எப்பவோ கட்டியாச்சே’ என்பார். அவர் சொல்வதுதான் சரி. அதன்பிறகு நீங்கள் கொடுக்கும் எந்தக் கணக்கையும் அவர் நம்பத் தயங்குவார்.

எனவே முறை இது. பணம் வந்ததும் ரெமிட்டன்ஸ் அட்வைஸ், அதாவது எந்தெந்தப் பில்லுக்கு எவ்வளவு என்ற விவரம், மெயிலிலோ போர்ட்டலிலோ இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அன்றே கேளுங்கள். பதில் வரும்வரை தொகையை அந்த வாடிக்கையாளர் கணக்கிலேயே ‘அன்அப்ளைடு’ ஆக நிறுத்தி வையுங்கள். ஊகத்தில் பில்லை மூடாதீர்கள். யார் கட்டினார் என்றே தெரியாவிட்டால் மட்டும் சஸ்பென்ஸ் கணக்கு. அதையும் வாரா வாரம் காலி செய்யப் பாருங்கள்.

அந்த 1,500 எதனால் குறைந்தது என்பதும் முக்கியம். வங்கிக் கட்டணமாக இருக்கலாம், அவரிடம் இருக்கும் கிரெடிட் நோட்டாக இருக்கலாம், விலை வித்தியாசமாக இருக்கலாம், சட்டப்படி பிடித்த வரியாக இருக்கலாம். வரியாக இருந்தால் அதற்கான சான்றிதழை வாங்கினால்தான் நம் நிறுவனம் அதை வரிக்கணக்கில் ஈடுசெய்ய முடியும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்குக்குப் போகும். காரணம் தெரியாமல் ‘இதர செலவு’ என்று தள்ளிவிட்டால், அதே 1,500 அடுத்த மாதமும் பிடிக்கப்படும்.

ஏஜிங் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டுவது ஏஜிங் ரிப்போர்ட். கெடு முடியாதவை, 1–30 நாள் தாண்டியவை, 31–60, 61–90, 90-க்கு மேல் என்று கட்டங்கள் இருக்கும். சில நிறுவனங்கள் பில் தேதியிலிருந்து எண்ணும், சில கெடு தேதியிலிருந்து எண்ணும். உங்கள் ரிப்போர்ட் எந்த வகை என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதியவர்கள் மேலிருந்து கீழாக, அகர வரிசையில் போன் போடத் தொடங்குவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ரிப்போர்ட்டைத் தொகை வாரியாக அடுக்கிப் பாருங்கள். அநேகமாக ஒரு சில வாடிக்கையாளர்களிடமே பாக்கியின் பெரும்பகுதி நிற்கும், காலை நேரம் அவர்களுக்கு. அடுத்து, வழக்கமாக நேரத்தில் கட்டுபவர் திடீரென்று தாமதித்திருந்தால் அவரைக் கவனியுங்கள். ஒன்று பில்லில் பிரச்சினை, இல்லை அவர் தொழிலில் பிரச்சினை. இரண்டையும் சீக்கிரம் தெரிந்துகொள்வது நல்லது. 60 நாளை நெருங்கும் பில்களை 90-க்குப் போகவிடாமல் பிடிப்பது மூன்றாவது. நாளாக நாளாக வசூலாகும் வாய்ப்பு குறையும். ஆள் மாறிவிடுவார், காகிதம் தொலையும், நினைவும் மங்கும்.

ரிப்போர்ட்டில் மைனஸ் தொகைகள் தெரிந்தால் அவற்றை விடாதீர்கள். அவை வரவு வைக்கப்படாத பணமோ பயன்படுத்தாத கிரெடிட் நோட்டோவாக இருக்கும். அவற்றைத் தீர்க்காமல் அந்த வாடிக்கையாளருக்குப் போன் போடுவது வீண்.

மேலாளர்கள் டி.எஸ்.ஓ. என்று ஒன்றைப் பேசுவார்கள். விற்ற பணம் கைக்கு வரச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் அது. பாக்கியைக் கடன் விற்பனையால் வகுத்து நாள்களால் பெருக்க வேண்டும். 90 நாளில் 1,20,00,000-க்குக் கடன் விற்பனை, பாக்கி 60,00,000 என்றால் டி.எஸ்.ஓ. 45 நாள். டெர்ம்ஸ் 30 நாள் என்றால் நிலைமை சரியில்லை என்று புரிகிறது. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். காலாண்டின் கடைசி வாரத்தில் விற்பனை குவிந்தால், வசூல் நன்றாக இருந்தாலும் டி.எஸ்.ஓ. ஏறித்தான் காட்டும். ஏஜிங்கையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

போனில் பேசுவது

இதற்குத்தான் புதியவர்கள் அதிகம் தயங்குகிறார்கள். தயக்கத்துக்கு மருந்து முன்தயாரிப்பு. எண்ணை அழுத்துவதற்கு முன் பில் காப்பி, பி.ஓ., டெலிவரிக்குக் கையெழுத்து வாங்கிய சான்று, போன முறை பேசிய குறிப்பு ஆகியவை திரையில் திறந்திருக்கட்டும். ‘பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறேன்’ என்று நீங்கள் சொன்னால் அந்த அழைப்பு அதோடு போயிற்று.

பேச்சு எப்படிப் போகும் என்று பாருங்கள்.

“வணக்கம் சார், உங்களுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனியின் அக்கவுண்ட்ஸிலிருந்து பேசுகிறேன். இன்வாய்ஸ் 4127, தொகை 85,000, போன வெள்ளிக்கிழமையோடு கெடு முடிந்தது. எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறீர்களா?”

“அது ப்ராசஸ்ல இருக்குங்க.”

“சரி சார். சிஸ்டத்தில் புக் ஆகிவிட்டதா, இல்லை அப்ரூவலில் நிற்கிறதா?”

“இருங்க, பார்க்கிறேன்... புக் ஆகலை. ஜி.ஆர்.என். வரலைன்னு காட்டுது.”

“அப்படியா. உங்கள் ஸ்டோர்ஸில் சீல் வைத்துக் கொடுத்த டெலிவரி காப்பி என்னிடம் இருக்கிறது. இப்போதே மெயிலில் அனுப்புகிறேன். ஸ்டோர்ஸில் யாரிடம் பேசினால் ஜி.ஆர்.என். போடுவார்கள் சார்?”

“மேடம் ஒருத்தங்க இருக்காங்க, மெயில்ல அவங்களையும் சேர்த்துடுங்க. ஐடி தரேன்.”

“நன்றி சார். நாளைக்கு ஜி.ஆர்.என். வந்துவிட்டால் எந்த பேமென்ட் ரன்னில் சேரும்?”

“வியாழக்கிழமை ரன்ல போயிடும்.”

“சரி சார், வியாழக்கிழமை 85,000 என்று குறித்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் வங்கியில் பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்கிறேன்.”

‘ப்ராசஸ்ல இருக்கு’ என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டதால்தான் காரணம் வெளியே வந்தது. முடிவில் கிழமையும் தொகையும் இருக்கின்றன. ‘சீக்கிரம் போட்டுடறோம்’ என்று முடிந்த அழைப்புக்கு மதிப்பில்லை. போனை வைத்ததும் பேசியதை இரண்டு வரியில் மெயிலாக அனுப்புங்கள். சிஸ்டத்திலும் குறிப்பு எழுதுங்கள்: யாரிடம் பேசினீர்கள், என்ன காரணம், எந்தத் தேதிக்கு எவ்வளவு, அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது என்ன. நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் இன்னொருவர் அந்தக் குறிப்பை மட்டும் வைத்து வேலையைத் தொடர முடிய வேண்டும். பிறகு வெள்ளிக்கிழமை என்று சொன்னால் வெள்ளிக்கிழமையே கூப்பிடுங்கள். சொன்ன நாளில் தவறாமல் கூப்பிடுபவரின் பில்தான் அடுத்த ரன்னில் முதலில் ஏறும்.

எதிர்முனையில் இருப்பவரும் உங்களைப் போலவே சம்பளத்துக்கு வேலை செய்பவர். பணத்தை நிறுத்தி வைத்திருப்பவர் அவராக இருக்க வாய்ப்பு குறைவு. குரலை உயர்த்துவதால் எதுவும் கிடைக்காது. அதற்காகக் குழையவும் வேண்டாம். ‘தொந்தரவுக்கு மன்னிக்கணும்’ என்று தொடங்காதீர்கள். கொடுத்த சரக்குக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்கிறீர்கள், அதில் மன்னிப்புக்கு இடமில்லை. மிரட்டலோ, பொய்யான சட்ட எச்சரிக்கையோ ஒருபோதும் கூடாது. பல நாடுகளில் கடன் வசூலுக்குக் கடுமையான சட்ட வரம்புகள் இருக்கின்றன, தனிநபர் வாடிக்கையாளர் என்றால் இன்னும் கடுமை. உங்கள் நாட்டு விதியை மேலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே பணமில்லாத வாடிக்கையாளரும் வருவார். அப்போது தவணைத் திட்டம் பேசலாம். ஒப்புதல் மேலிடத்திலிருந்து வர வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், முதல் தவணை உடனே கட்டப்பட வேண்டும். புதுச் சரக்கு நிறுத்தம், அதாவது கிரெடிட் ஹோல்ட், போடுவதற்கு முன் விற்பனைப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் வாயால் அவர்களுக்குத் தெரியவந்தால் உள்ளேயே சண்டை.

தகராறு வந்தால்

தகராறு என்று வந்ததும் அந்தப் பில்லைத் தனியாகக் குறியிட்டு, உள்ளே யார் தீர்க்க வேண்டும் என்று பெயரோடு ஒப்படையுங்கள். விலை என்றால் விற்பனைப் பிரிவு, சேதம் என்றால் கிடங்கு அல்லது போக்குவரத்து. தீரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது உங்கள் வேலை. ஒரு பில்லில் 5 சதவீதம்தான் தகராறு என்றால் மீதி 95 சதவீதத்தை இப்போதே கட்டச் சொல்லிக் கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். நம் பக்கம் பிழை என்று தெரிந்தால் கிரெடிட் நோட்டை இழுத்தடிக்க வேண்டாம். எந்தப் பில்லுக்கு, என்ன காரணம், யார் ஒப்புதல் என்பது அதில் இருக்கட்டும்.

மாத முடிவு

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், உங்கள் நிறுவனத்துக்கென்று ஒரு பட்டியல் கட்டாயம் இருக்கும். அந்த மாதத்துச் சரக்குக்கு அந்த மாதமே பில் போடப்பட்டதா என்று பார்ப்பது, அன்அப்ளைடு தொகைகளைத் தீர்ப்பது, சப்-லெட்ஜரையும் கன்ட்ரோல் அக்கவுண்டையும் ஒப்பிடுவது, வாடிக்கையாளர்களுக்கு ஸ்டேட்மென்ட் அனுப்புவது ஆகியவை எங்கும் உண்டு.

வாராமல் போகலாம் என்ற பாக்கிக்கு ஒதுக்கீடு போடுவதும் மாத முடிவில்தான். 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற சர்வதேசக் கணக்குத் தரநிலை, இழப்பு நடந்தபிறகு எழுதுவதை விட்டுவிட்டு, எதிர்பார்க்கும் இழப்பை முன்கூட்டியே ஒதுக்கச் சொல்கிறது. வழக்கமாக ஏஜிங் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் வைப்பார்கள். அதாவது உங்கள் ஏஜிங் தவறென்றால் நிறுவனத்தின் லாபக் கணக்கும் தவறு. பிறகு ஒரு பாக்கி நிச்சயம் வராது என்று முடிவானால், ஒதுக்கீட்டில் டெபிட், வாடிக்கையாளர் கணக்கில் கிரெடிட். அந்த முடிவை நீங்கள் தனியாக எடுக்கக் கூடாது.

கணக்கு ஒத்துப்போகாதபோது ஒரு பழைய உத்தி கைகொடுக்கும். வித்தியாசத் தொகை 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 5,400-ஐ 4,500 என்று அடித்திருந்தால் வித்தியாசம் 900. வித்தியாசத்தின் சரிபாதித் தொகையில் ஒரு என்ட்ரி இருந்தால், அது டெபிட்டுக்குப் பதில் கிரெடிட்டில் போயிருக்கலாம்.

மோசடியிலிருந்து உங்களையும் காத்துக்கொள்ளுங்கள்

பணத்தைக் கையில் வாங்குபவரே அதைக் கணக்கில் ஏற்றக் கூடாது, அவரே கிரெடிட் நோட் போடவும் கூடாது. காரணம் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் கட்டிய பணத்தை எடுத்துக்கொண்டு, அடுத்தவர் கட்டும் பணத்தை முதலாமவர் கணக்கில் வைத்து மூடி, மூன்றாமவர் பணத்தால் இரண்டாமவரை மூடி என்று ஓட்டும் மோசடிக்கு லேப்பிங் என்று பெயர். வேலையைப் பிரித்து வைத்தால் இது நடப்பது கடினம். உங்கள் அலுவலகத்தில் எல்லாவற்றையும் நீங்களே செய்யச் சொன்னால், குறைந்தபட்சம் யாராவது மாதம் ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்படி கேளுங்கள். நாளைக்குக் கேள்வி வந்தால் உங்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

வெளியிலிருந்து வருவது வேறு மாதிரி. உங்கள் நிறுவனத்தின் பெயரில், ஓர் எழுத்து மட்டும் மாறிய மெயில் முகவரியிலிருந்து ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று வாடிக்கையாளருக்கு மெயில் போகும். அவர் நம்பிக் கட்டிவிடுவார், பணம் போன இடம் தெரியாது. கணக்கு எண் மாற்றத்தை மெயிலில் மட்டும் சொல்ல மாட்டோம், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். இன்னொன்று, தவறுதலாக அதிகம் கட்டிவிட்டேன், மிச்சத்தை இந்த வேறு கணக்குக்கு அவசரமாகத் திருப்பி அனுப்புங்கள் என்ற கோரிக்கை. அவர் கட்டிய காசோலை பிறகு திரும்பி வரும். பணம் உறுதியாக நம் கணக்கில் சேர்ந்தபின், வந்த கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள்.

என்னென்ன திறமை வேண்டும்

வணிகவியல் படிப்பு உதவும். அது இல்லாமல் வந்து நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். எக்செலில் பிவோட் டேபிள், சம்இஃப்ஸ், எக்ஸ்லுக்அப் அல்லது விலுக்அப் மூன்றும் கட்டாயம் தெரிய வேண்டும். மேலே சொன்ன நான்கு பில் கணக்கைப் போல ஒன்றை நீங்களே எக்செலில் உருவாக்கி ஏஜிங் போட்டுப் பழகுங்கள். டேலி, எஸ்.ஏ.பி., ஆரக்கிள், குவிக்புக்ஸ் என்று மென்பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அடிப்படை தெரிந்தவர் திரையைச் சில வாரங்களில் பழகிக்கொள்வார்.

சுருக்கமாக எழுதும் திறமையை நான் மிக உயர்வாக வைப்பேன். பில் எண், தொகை, கெடு தேதி, உங்களுக்கு என்ன வேண்டும் என்பது முதல் இரண்டு வரியில் வந்துவிடும் மெயிலுக்குப் பதில் வரும். நான்கு பத்தி மெயில் ‘பிறகு படிக்கலாம்’ என்று ஒதுக்கப்படும். அப்புறம், எண்களில் கவனம், பேச்சில் நிதானம், சொன்னதை மறக்காத ஒழுங்கு. வாடிக்கையாளரின் பாக்கி விவரமும் வங்கி விவரமும் வெளியே பேசக் கூடாதவை என்ற நாணயமும் வேண்டும்.

முதல் மாதம், நேர்காணல்

சேர்ந்த முதல் வாரம், ஒரே ஒரு ஆர்டரை எடுத்து அது பி.ஓ.விலிருந்து வங்கி வரவு வரை எந்தெந்தக் கை வழியாகப் போனது என்று முழுவதும் தொடர்ந்து பாருங்கள். விற்பனை, கிடங்கு, அனுப்புதல் பிரிவுகளில் இருப்பவர்களிடம் நேரில் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள், நாளைக்கு டெலிவரி காப்பி கேட்டு அவர்களிடம்தான் போக வேண்டும். இரண்டாம் வாரம் கேஷ் அப்ளிகேஷன், மூன்றாம் வாரம் அனுபவமுள்ளவர் போனில் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது, பிறகு சிறிய தொகைகளுக்கு நீங்களே பேசுவது என்று போனால் பதற்றம் இருக்காது. இந்த வேலையிலிருந்து கிரெடிட் அனலிஸ்ட், கிரெடிட் கன்ட்ரோலர், ஆர்டர்-டு-கேஷ் (ஆர்டர் முதல் வசூல் வரை பார்க்கும்) பிரிவின் மேலாளர் என்று மேலே போகும் வழிகள் உண்டு.

நேர்காணலில், ‘உங்களிடம் கெடு தாண்டிய 150 பில்கள் கொடுத்தால் எங்கே தொடங்குவீர்கள்?’ என்பது மாதிரியான கேள்விக்குத் தயாராகப் போங்கள். எல்லோருக்கும் போன் போடுவேன் என்று சொல்லாதீர்கள். முதலில் வரவு வைக்கப்படாத பணத்தையும் கிரெடிட் நோட்டுகளையும் பொருத்திப் பட்டியலைச் சுருக்குவேன், அடுத்துத் தகராறில் உள்ளவற்றைப் பிரித்து உரிய பிரிவுக்கு அனுப்புவேன், மிச்சத்தைத் தொகையும் வயதும் பார்த்து அடுக்கி, மேலே இருப்பவரின் பில்லையும் டெலிவரி சான்றையும் எடுத்து வைத்துக்கொண்டு முதல் அழைப்பைப் போடுவேன் என்று சொல்லுங்கள்.